கூகிளாண்டவரும் எங்க ஊர் டாக்டரும்

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். நான் டாக்டர் இல்லை, கம்பவுண்டரும் இல்லை. வீட்டுப் பெரியவங்களைக் கூட்டிக்கிட்டு மந்தாரக்குப்பம், விருத்தாசலம், பாண்டிச்சேரின்னு கிளினிக் பெஞ்சைத் தேய்ச்ச அனுபவம் ஒண்ணுதான் தகுதி. இதைப் படிச்சிட்டு யாரும் மாத்திரையை நிறுத்தவோ கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அப்புறம் என்னை உதைக்க வராதீங்க :-)

பஜார் பக்கம் ஒரு கிளினிக் சுவத்துல புதுசா ஒரு அட்டை தொங்குது. "கூகுளில் படித்துவிட்டு வருபவர்கள் கூகுளிடமே மருந்து வாங்கிக்கொள்ளவும்." வரிசையில உக்காந்திருந்த எல்லாரும் சிரிச்சோம். பக்கத்துல இருந்த ஒரு அம்மா மட்டும் எதையோ பார்த்துக்கிட்டிருந்த போனை மெதுவா பைக்குள்ள வச்சுட்டாங்க. அதைப் பார்த்ததுலேர்ந்து இந்தப் பதிவு மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு.

டாக்டர் பக்கம் நியாயம் இல்லாம இல்லை. காலையில உக்காந்தார்னா ராத்திரி பத்து மணி வரைக்கும் ஆளுங்க வந்துகிட்டே இருக்காங்க. அதுல நாலு பேரு "டாக்டர், யூட்யூப்ல ஒருத்தர் சொன்னாரு..."ன்னு ஆரம்பிச்சா எரிச்சல் வரத்தான் செய்யும். வருஷக் கணக்கா எலும்பு எலும்பா மனப்பாடம் பண்ணிப் படிச்ச மனுஷன், முப்பது செகண்ட் வீடியோ கூட போட்டி போடணும்னா யாருக்குத்தான் கடுப்பாகாது?

ஆனாலும் என் கட்சி வேற. நோயாளி படிச்சுட்டு வர்றதால டாக்டருக்கு வர்றது தலைவலி மட்டும்தான். படிச்சதை டாக்டர்கிட்ட சொல்லாம மறைக்க ஆரம்பிச்சான்னா அதுதான் ஆளைக் கொல்லும். அந்த அட்டையால ஒருத்தரும் படிக்கறதை நிறுத்தப் போறதில்லை. சொல்றதைத்தான் நிறுத்துவாங்க. போன் பைக்குள்ள போச்சே, அது மாதிரி.

எங்க அப்பா காலத்துல இந்தப் பேச்சே கிடையாது. சீட்டுல எழுதறது மெடிக்கல்காரருக்கு மட்டும்தான் புரியும், சில சமயம் அவருக்கும் புரியாது. என்ன வியாதின்னு கேட்டா "அதெல்லாம் உனக்கெதுக்கு, மாத்திரையைப் போடு". ஊசி போட்டா நல்ல டாக்டர், போடலைன்னா சுமார். அவ்வளவுதான் நம்ம அளவுகோல். அந்தக் காலம் பொற்காலம்னு பேசறவங்களைப் பார்த்தா எனக்கு ஆச்சரியமா இருக்கும். நம்பிக்கைன்னு நாம சொல்றதுல பாதி, வேற வழியில்லாத்தனம்.

சட்டம் கூட இன்டர்நெட் நம்ம வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே நகர ஆரம்பிச்சிருச்சு. 1995-ல சுப்ரீம் கோர்ட் டாக்டர் வேலையையும் நுகர்வோர் சட்டத்துக்குள்ள கொண்டு வந்துச்சு. 2002-ல இந்திய மருத்துவக் கவுன்சில் போட்ட நடத்தை விதியில, நோயாளி கேட்டா அவரோட சிகிச்சை ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும்னு இருக்கு. 2008-ல சமீரா கோலி வழக்கு. பரிசோதனைக்குன்னு மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வச்ச பெண்ணுக்கு, வெளியில இருந்த அம்மாகிட்ட கையெழுத்து வாங்கிக் கர்ப்பப்பையையே எடுத்துட்டாங்க. பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் ஆபரேஷனுக்குச் சம்மதம் ஆகாதுன்னு கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு. 2016-ல மருந்துப் பெயரைப் புரியற மாதிரி, முடிஞ்சா பெரிய எழுத்துல எழுதணும்னு விதியையே திருத்தினாங்க. இதெல்லாம் புத்தகத்துல. நிஜத்துல போய் கேஸ் ஷீட் நகல் கேட்டுப் பாருங்க, "எதுக்கு, கேஸ் போடப் போறீங்களா?"ன்னு ஒரு பார்வை வரும்.

இப்ப என்ன மாறிப்போச்சுன்னா, டாக்டர் பார்க்கறதுக்கு முன்னாடியே ரிப்போர்ட்டை நாம பார்த்துடறோம். காலையில வெறும் வயித்துல ரத்தம் கொடுத்துட்டு வந்தா மத்தியானம் வாட்ஸப்ல பிடிஎஃப் வந்து விழுது. டாக்டர் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான். நடுவுல இருக்கற நாலு மணி நேரம் இருக்கே, அது கூகிளாண்டவர் ராஜ்ஜியம். எங்கெல்லாம் கறுப்பா தடிச்ச எழுத்து இருக்கோ அதையெல்லாம் ஒண்ணு ஒண்ணா தேடி, ஆறு மணிக்கு டாக்டர் முன்னாடி உக்காரும்போது நாம ஏற்கெனவே பாதி செத்துருப்போம்.

அந்தத் தடிச்ச எழுத்து பத்தி ஒரு சின்னக் கணக்கு சொல்றேன், இது தெரிஞ்சதுக்கப்புறம் எனக்குத் தூக்கம் நல்லா வருது. ரிப்போர்ட்டுல பக்கத்துல போட்டிருக்கற "நார்மல்" அளவு பல டெஸ்டுகளுக்கு எப்படி வருதுன்னா, ஆரோக்கியமான ஆளுங்களை நிறையப் பேரைச் சோதிச்சு அதுல நடுவுல இருக்கற 95 சதவீதம் பேரோட அளவை எடுத்துக்கறாங்க. அப்படின்னா ஒரு குறையும் இல்லாத ஆளுங்கள்லயே 100-க்கு 5 பேர் அந்தக் கோட்டுக்கு வெளியிலதான் இருப்பாங்க. மாஸ்டர் செக்கப்னு ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத 20 டெஸ்ட் எடுத்தா, நல்லா இருக்கற ஆளுக்கே ஏதாவது ஒண்ணாவது தடிச்ச எழுத்துல வர்றதுக்கு வாய்ப்பு 64 சதவீதம். ரெண்டு செக்கப்புக்கு ஒண்ணுல பீதி கியாரண்டி! டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு "இது ஒண்ணுமில்லை"ன்னு தள்ளி வைக்கறாரே, அலட்சியத்துல இல்லை, இந்தக் கணக்கு அவருக்குப் பழகிப்போனதால. ஆனா அதை ஒரு வரி சொன்னா என்னவாம்? சொல்ல மாட்டாரு. நாம அடுத்த டாக்டர்கிட்ட ஓடுவோம்.

தேடறதுல இருக்கற கோளாறும் பழைய கோளாறுதான். 2008-லயே மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக்காரங்க ரயான் ஒயிட், எரிக் ஹார்விட்ஸ் ரெண்டு பேரும் இதைப் பத்தி ஒரு ஆய்வு பண்ணாங்க. தலைவலியைப் பத்தின வலைப்பக்கங்களை அலசினா, காபியை விட்டதால வர்ற தலைவலிக்கும் மூளைக் கட்டிக்கும் கிட்டத்தட்ட சமமான இடம் இருந்துச்சாம். காபி குடிக்காம தலைவலி வந்தவங்க நம்ம தெருவுலயே பத்துப் பேர் இருப்பாங்க. மூளைக் கட்டி வந்தவங்க? இணையத்துக்கு இது ஊருக்கு எத்தனை பேருக்கு வரும்ங்கற விகிதம் தெரியாது. டாக்டருக்குத் தெரியறது அதுதான். அவர் படிப்புல பாதி அதுதான்.

சரி, படிக்கறதால நல்லதே நடக்காதான்னா, நடக்கும். எங்க மாமனார் கதையைச் சொல்றேன். சுரங்கத்துல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். பிரஷருக்கு அம்லோடிபின் 5 போட்டுக்கிட்டு இருந்தாரு, பிரஷர் அடங்கலைன்னு 10 ஆக்கினாங்க. கொஞ்ச நாள்ல ரெண்டு காலும் வீங்கிப் போச்சு. விரலால அமுக்கினா குழி விழுந்து நிக்குது. அவசரத்துக்கு வேற ஒரு கிளினிக்ல காட்டினோம், நீர் இறங்கறதுக்கு ஒரு மாத்திரை கொடுத்தாங்க. வீக்கம் அப்படியே இருந்துச்சு, மனுஷன் மட்டும் ராத்திரி அஞ்சு தடவை எழுந்து பாத்ரூம் போயிட்டு வந்தாரு. எழுபது வயசுக்காரர், இருட்டுல, வழவழன்னு டைல்ஸ் தரையில. எங்க பயமெல்லாம் விழுந்து இடுப்பை உடைச்சுக்குவாரோன்னுதான்.

வீட்டுக்காரம்மா "கால் வீக்கம்"னு தேடினாங்க. ஹார்ட் ஃபெயிலியர், கிட்னி ஃபெயிலியர், லிவர். மூணுல ஒண்ணைப் பொறுக்கிக்கோன்னு கூகிளாண்டவர் சொல்லிட்டாரு. ராத்திரி முழுக்க அழுகை. நான் வேற மாதிரி தேடினேன். வியாதியை விட்டுட்டு, அவர் போடற ஒவ்வொரு மாத்திரையோட பேரையும் அடிச்சுப் பார்த்தேன். அம்லோடிபினுக்கு முதல் பக்கத்துலயே கணுக்கால் வீக்கம்னு இருந்துச்சு. அளவைக் கூட்டினா வீக்கமும் கூடும், அந்த வீக்கம் நீர் மாத்திரைக்கு அவ்வளவா கேக்காதுன்னும் இருந்துச்சு.

இப்ப இதை டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றது? "நீங்க கொடுத்த மாத்திரைதான் காரணம்"னு ஆரம்பிச்சா சண்டைதான். ஒரு துண்டுச் சீட்டுல தேதி போட்டு எழுதிக்கிட்டுப் போனேன். இந்தத் தேதியில 10 ஆக்கினது, இந்தத் தேதியில வீக்கம் ஆரம்பிச்சது, இந்தத் தேதியில நீர் மாத்திரை. சீட்டைக் கொடுத்துட்டு "இது மாத்திரையால இருக்குமா டாக்டர்?"ன்னு மட்டும் கேட்டேன். சீட்டைப் பார்த்தாரு, காலை அமுக்கிப் பார்த்தாரு, "நீர் மாத்திரை யாரு கொடுத்தா?"ன்னாரு. எங்க டாக்டருக்கு அது தெரியவே தெரியாது! நாங்கதான் சொல்லலையே. இசிஜியும் கிரியேட்டினினும் எடுத்துப் பார்த்துட்டு, அம்லோடிபினை மறுபடி 5-க்கு இறக்கி கூட டெல்மிசார்டான் சேர்த்தாரு, நீர் மாத்திரையை நிறுத்தினாரு. கொஞ்ச நாள்ல கால் பழையபடி ஆச்சு. மாமா செருப்பு மாட்டிக்கிட்டு டீக்கடைக்குக் கிளம்பிட்டாரு.

இதுல நான் டாக்டரை ஜெயிச்சேன்னு யாராவது பின்னூட்டம் போட்டீங்கன்னா அழிச்சுடுவேன் :-) அந்தப் பக்கவிளைவு எனக்கு முன்னாடியே டாக்டருக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதது தேதிகளும், நடுவுல நாங்க போன இன்னொரு கிளினிக்கும். எனக்குத் தெரியாதது இது இதயமா கிட்னியான்னு எப்படிப் பிரிச்சுப் பார்க்கறதுங்கறது. ரெண்டும் ஒரே மேஜையில வந்து சேர்ந்துச்சு, அவ்வளவுதான்.

இதுக்கு நேர் எதிர்க் கதையும் எங்க தெருவுலயே இருக்கு. தெரிஞ்சவங்க வீட்டுப் பையன், எட்டு வயசு, வீசிங். டாக்டர் ரெண்டு இன்ஹேலர் கொடுத்திருந்தாரு. ஒண்ணு மூச்சு முட்டும்போது உடனே அடிக்கறது, இன்னொண்ணு தினமும் அடிச்சா மூச்சுக்குழல் வீக்கத்தை அடக்கி வைக்கறது. அந்த ரெண்டாவதுல ஸ்டீராய்டு இருக்கு. அம்மா ஒரு வீடியோ பார்த்துட்டாங்க. "இன்ஹேலர் குழந்தையை அடிமையாக்கும், வளர்ச்சி நின்னுடும்." அன்னையிலேர்ந்து தினசரி இன்ஹேலரை நிறுத்திட்டாங்க. டாக்டர்கிட்ட வாயே திறக்கலை. கேட்டா திட்டுவாருன்னு பயம். பையனுக்கு வீசிங் மறுபடி வருது. டாக்டர் என்ன நினைப்பாரு? மருந்து பத்தலைன்னு நினைப்பாரு. அளவைக் கூட்டி எழுதினாரு. அதையும் வாங்கி ஃப்ரிட்ஜ் மேல வச்சாங்க. இப்படி ரெண்டு தடவை. கடைசியில ஒரு மார்கழி ராத்திரி பையனுக்கு உதடு நீலமாயி, ஆட்டோ பிடிச்சு, ஆஸ்பத்திரியில நெபுலைசர் வச்சு ரெண்டு நாள் படுக்க வச்சாங்க. பிழைச்சுக்கிட்டான்.

இத்தனைக்கும் அந்த அம்மா கேட்டிருக்க வேண்டிய கேள்வி நியாயமான கேள்வி. ஸ்டீராய்டுன்னா எந்தத் தாய்க்கும் பயம் வரும். உறிஞ்சற மருந்து நுரையீரலுக்கு நேராப் போறதால மைக்ரோகிராம் கணக்குலதான் தேவைப்படும், மாத்திரையா விழுங்கற ஸ்டீராய்டு மாதிரி இல்லை. வளர்ச்சியில கொஞ்சம் வித்தியாசம் வரலாம்ங்கறது உண்மை, அது ஒரு சென்டிமீட்டர் அளவுல இருக்கற விஷயம். அடிச்சதும் வாயைக் கொப்புளிச்சுத் துப்பிடணும். இவ்வளவுதான் பதில். ஒரு நிமிஷம் ஆகும்.

அந்த ஒரு நிமிஷம்தான் இல்லை. 2017-ல பிஎம்ஜே ஓப்பன் இதழ்ல 67 நாடுகளைச் சேர்த்து ஒரு ஆய்வு வந்துச்சு. டாக்டர் ஒரு நோயாளிகிட்ட செலவழிக்கற நேரம் ஸ்வீடன்ல 22 நிமிஷத்துக்கு மேல, பங்களாதேஷ்ல 48 செகண்ட். நம்ம நாடு சுமார் 2 நிமிஷம். ரெண்டு நிமிஷத்துல உக்காந்து, நாக்கை நீட்டி, சட்டையைத் தூக்கி, சீட்டு வாங்கிக்கிட்டு எழுந்துக்கணும். இதுல எங்க கேள்வி கேக்கறது? வீடியோல பேசறவன் இருபது நிமிஷம் பேசறான், நம்ம பாஷையில, சிரிச்ச முகமா, அவசரமே இல்லாம. ஜனங்க அவன்கிட்டப் போறது அறிவு கிடைக்குதுன்னு இல்லைங்க, நேரம் கிடைக்குதுன்னுதான்.

2018 ஜூலையில திருப்பூர்ல நடந்தது ஞாபகம் இருக்கும். இருபத்தெட்டு வயசுப் பொண்ணு, ஸ்கூல் டீச்சர். யூட்யூப் பார்த்து வீட்டுலயே பிரசவம் பார்க்கறோம்னு முயற்சி பண்ணி, குழந்தை பிறந்தப்புறம் ரத்தப்போக்கு நிக்காம இறந்துபோச்சு. அடுத்த மாசமே கோயம்புத்தூர்ல, வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி முகாம்னு விளம்பரம் பண்ண ஒரு "ஹீலரை" போலீஸ் கைது பண்ணாங்க. அப்ப எல்லாரும் யூட்யூபைத் திட்டினாங்க. எனக்கு அந்தச் செய்தியில உறைச்சது வேற ஒரு வரி. அந்தக் கர்ப்பத்தை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் பதிவே பண்ணலைங்கறதுதான் அது. தமிழ்நாட்டுல கிராம நர்ஸ் வீடு தேடி வந்து கர்ப்பத்தைப் பதிவு பண்ற ஏற்பாடு இருக்கு. அதையும் தாண்டி ஒரு குடும்பம் ஒன்பது மாசம் ஒளிஞ்சு இருந்திருக்கு. வீடியோவை யாரு வேணா பார்க்கலாம். ரத்தம் போகும்போது கூப்பிடறதுக்கு ஒரு நர்ஸ் நம்பர் கூட இல்லாத இடத்துக்கு அந்தக் குடும்பம் எப்படிப் போச்சு, யாரு பேச்சுக்குப் பயந்து போச்சுன்னுதான் நான் யோசிச்சேன்.

அதுக்கு முந்தின வருஷம், 2017 பிப்ரவரியில, தட்டம்மை-ரூபெல்லா ஊசி. 9 மாசக் குழந்தையிலேர்ந்து 15 வயசு வரைக்கும் எல்லாருக்கும். வாட்ஸப்ல கிளப்பி விட்ட புரளியில பள்ளிக்கூட வாசல்ல அப்பா அம்மாக்கள் கூடி "எங்க புள்ளைக்குப் போடாதீங்க"ன்னு நின்னாங்க. முகாமையே மார்ச் வரைக்கும் நீட்டிக்க வேண்டியதாச்சு. அந்தச் சமயத்துல யாரால வேலை நடந்துச்சுன்னு பார்த்தா, "வதந்திகளை நம்பாதீர்"னு போஸ்டர் ஒட்டினதால இல்லை. "என் புள்ளைக்கும் போட்டுட்டேன், வாங்க"ன்னு உக்காந்து பேசின டாக்டர்களாலயும் டீச்சர்களாலயும்தான்னு நான் அடிச்சுச் சொல்லுவேன்.

வெளியூர்க் கதை ஒண்ணு. அமெரிக்காவுல டேவ் டிப்ராங்கார்ட்னு ஒருத்தர். 2007-ல கிட்னியில புற்றுநோய், நுரையீரல் வரைக்கும் பரவியாச்சு. அவரோட டாக்டர் டேனி சாண்ட்ஸ் என்ன பண்ணாரு தெரியுமா? இதே வியாதி வந்தவங்க ஒருத்தருக்கொருத்தர் எழுதிக்கற இணையக் குழுமம் ஒண்ணு இருக்கு, அங்க போய்ப் படிச்சுட்டு வாங்கன்னு அவரே அனுப்பி வச்சாரு. சீட்டுல மருந்து எழுதற மாதிரி! அங்க கிடைச்ச தகவலோட வந்து தன் டாக்டர்களோட பேசி, கடுமையான ஒரு சிகிச்சைக்குத் தயாராகிப் பிழைச்சாரு. பிறகு ரெண்டு பேரும் சேர்ந்து 2009-ல நோயாளி-டாக்டர் கூட்டணிக்குன்னே ஒரு சங்கம் தொடங்கினாங்க. பெரிய ஊரு, பெரிய ஆஸ்பத்திரி, சரி. ஆனா படிக்க அனுப்பினது டாக்டர்ங்கறதைக் கவனிங்க.

நம்ம டாக்டர் அனுப்பணும்னு நினைச்சாலும் எங்க அனுப்புவாரு? இங்கதான் தமிழ்ல சிக்கல். இங்கிலீஷ் தெரிஞ்சா இங்கிலாந்து அரசாங்கத்தோட என்ஹெச்எஸ் தளம் இருக்கு, அமெரிக்காவோட மெட்லைன்பிளஸ் இருக்கு. தமிழ்ல "சர்க்கரை"ன்னு அடிச்சா முதல்ல வர்றது ஒரு ஸ்பூன் பொடியில சர்க்கரையை ஓட்டற ஆளு. இத்தனைக்கும் மருத்துவத்தைத் தமிழ்ல சொல்ல முடியும்னு 19-ஆம் நூற்றாண்டுலயே காட்டியாச்சு. அமெரிக்காவுலேர்ந்து 1847-ல யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாய்ல உக்காந்து தமிழ்லயே மேல்நாட்டு மருத்துவம் சொல்லிக் கொடுத்தாரு, கலைச்சொல்லெல்லாம் உருவாக்கிப் புத்தகம் போட்டாரு. அந்த மண்ணுலேர்ந்தே டாக்டர் எம்.கே.முருகானந்தன் "ஹாய் நலமா"ன்னு எழுதினதை நம்மள்ல எத்தனை பேர் அம்மா அப்பாவுக்குப் படிச்சுக் காட்டியிருப்போம்! அப்படி ஒரு பத்து டாக்டர் எழுதினா போதும். நம்ம ஊர் டாக்டர்கள் பொடிக்காரனைத் திட்டறதுல செலவழிக்கற சக்தியில கால்வாசியை இதுக்குக் கொடுக்கலாம். பொடிக்காரன் காலி மனையிலதான் கடை போட்டிருக்கான்.

இப்ப கூகிளாண்டவருக்கும் போட்டி வந்தாச்சு. சீட்டை போட்டோ எடுத்து சாட்ஜிபிடிகிட்ட தமிழ்லயே கேக்கறாங்க. எங்க பக்கத்து வீட்டுக் காலேஜ் பையன் அவங்க ஆயாவோட மாத்திரை டப்பாவுல காலை, மதியம், ராத்திரின்னு எழுதி ஒட்டினது அதை வச்சுத்தான். நல்ல காரியம். ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. கூகிள் பத்து சுட்டியைக் கொடுத்து "நீயே பொறுக்கிக்கோ"ன்னு சொல்லும், அதுலயே நமக்குக் கொஞ்சம் சந்தேகம் மிஞ்சும். இது ஒரே பதிலை, தயங்காம, பொறுமையான டாக்டர் குரல்ல சொல்லுது. கோழி கிறுக்கின மாதிரி இருக்கற கையெழுத்தைத் தப்பாப் படிச்சாலும் அதே குரல்தான். பேர்ல ஒரு எழுத்து மாறினா வேற மருந்து. நாம எந்தப் பக்கம் சாய்ஞ்சு கேக்கறோமோ அந்தப் பக்கமே தலையாட்டற குணமும் அதுக்கு உண்டு. டாக்டர் தலையாட்ட மாட்டாரு, திட்டுவாரு. அந்தத் திட்டுக்கும் ஒரு விலை இருக்குன்னு இப்பத்தான் தெரியுது!

கடைசியா ஒண்ணு. இது எங்க மண்ணு சம்பந்தப்பட்டது. 2023 ஆகஸ்ட்ல பூவுலகின் நண்பர்களும் மந்தன் அத்யயன் கேந்திராவும் நெய்வேலி, பரங்கிப்பேட்டை வட்டாரத்து மண்ணையும் தண்ணியையும் சோதிச்சு ஒரு அறிக்கை வெளியிட்டாங்க. வடக்குவெள்ளூர்ல எடுத்த ஒரு தண்ணி மாதிரியில பாதரசம் அனுமதிச்ச அளவை விட 62 மடங்குன்னு அதுல இருந்துச்சு. குடிதண்ணிக்கு நம்ம நாட்டு வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே அதை வழக்கா எடுத்துக்கிச்சு. பேப்பர்ல வந்தது ஒரு நாள். போன்ல சுத்தினது மாசக்கணக்கா. அதுக்கப்புறம் எங்க பக்கம் கிளினிக்ல ஒரு புதுக் கேள்வி வந்துருச்சு: "டாக்டர், எனக்கு கிட்னி போனது இந்தத் தண்ணியாலயா?"

இந்தக் கேள்விக்கு கூகிளாண்டவர்கிட்டயும் பதில் கிடையாது. பாதரசம் கிட்னியையும் நரம்பையும் கெடுக்கும்னு சொல்லும், அதுல சந்தேகமில்லை. ஆனா சர்க்கரையும் பிரஷரும் வலி மாத்திரையும் கூட கிட்னியைக் கெடுக்கும். அந்த ஆளுக்கு எது காரணம்? உடம்புல பாதரசம் எவ்வளவு இருக்குன்னு பார்க்கறது பஜார் லேப்ல சர்க்கரை பார்க்கற மாதிரி சுலபமான டெஸ்ட் இல்லை. ஊர் ஊரா, கிணறு கிணறா ஆளுங்களைச் சோதிச்சாத்தான் ஏதாவது சொல்ல முடியும்.

போன தடவை மாமாவைக் கூட்டிக்கிட்டுப் போனப்ப இதைக் கண்ணாலயே பார்த்தேன். இங்கெல்லாம் உள்ள மூணு பேரை ஒண்ணா உக்கார வச்சிடுவாங்க, உங்க ஊர்லயும் அப்படித்தானே? எங்களுக்கு முன்னாடி கிராமத்துலேர்ந்து வந்த ஒரு அம்மா. காலு எரிச்சல், கை மதமதப்பு. சர்க்கரை இருக்கு. பேசி முடிச்சதும் முந்தானையில முடிஞ்சு வச்சிருந்த ஒரு மடிச்ச காகிதத்தை எடுத்தாங்க. பேரன் போன்ல வந்த செய்தியை ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் போட்டு வாங்கியிருக்காங்க. "இதையும் பாருங்க சார்"னு நீட்டினாங்க. வெளியில இருபது பேர் நிக்கறாங்க. டாக்டர் வாங்கிப் படிச்சாரு. ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாரு.

"சர்க்கரையாலயும் இப்படி எரியும்மா. தண்ணியாலயான்னு எனக்குச் சொல்லத் தெரியலை"ன்னாரு.

அப்புறம், "எந்த ஊரு நீங்க? போர் தண்ணியா, பஞ்சாயத்துத் தண்ணியா? எத்தனை வருஷமா குடிக்கறீங்க? வீட்டுல வேற யாருக்காவது இப்படி இருக்கா?"ன்னு கேட்டு, அவங்க சொல்லச் சொல்லச் சீட்டோட பின்பக்கத்துல எழுதிக்கிட்டே இருந்தாரு. நாங்க உள்ள போக இன்னும் பத்து நிமிஷம் ஆச்சு. மாமா ஒண்ணும் சொல்லலை.